வைப்ரேட்டோவா, ஆட்டுக் குரலா?

பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், இசைக்கருவி: வாசகர் கேள்விகளுக்குப் பினாங்கிலிருந்து ஒரு ரிப்பேர்க்காரரின் பதில்கள்

கேள்வி: ஐயா, எழுபதுகளில் என் அப்பா இன்னிசைக் குழுவில் வாசித்த ஆர்கன் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இத்தாலியில் செய்தது. டிரான்சிஸ்டர் வகை. காலைக் கழற்றினால் பெட்டிபோல மூடித் தூக்கிப் போகலாம். ரொம்ப வருடம் ஸ்டோர் அறையில் கிடந்ததை இப்போதுதான் வெளியே எடுத்தேன். எல்லாச் சுரமும் பேசுகிறது. சுரத்தை நடுங்க வைக்கும் வைப்ரேட்டோதான் தகராறு. பொத்தானைத் தட்டினால் முதலில் ஒன்றும் நடக்காது. பத்து நிமிடம் சூடானபிறகு கிடுகிடுவென்று தாறுமாறான வேகத்தில் நடுங்குகிறது. அதிலும் எஃப் ஷார்ப் மட்டும் எந்த ஆக்டேவிலும் நடுங்குவதே இல்லை. வைப்ரேட்டோ கார்டில் (சர்க்யூட் பலகையில்) 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றும், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் தெரிகின்றன. நடுக்கத்தின் வேகத்தையும் ஆழத்தையும் கையால் திருகி வைத்துக்கொள்கிற மாதிரி மாற்ற முடியுமா? அந்தக் காலத்துப் பாட்டில் கேட்கும் சத்தம் எனக்கு வேண்டும்.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, எஃப் ஷார்ப் விஷயத்தைக் கவனித்து எழுதினீர்களே, அதிலேயே பாதி ரிப்பேர் முடிந்துவிட்டது. வழக்கமாக எனக்கு வரும் கடிதங்களில் "ஆர்கன் சரியில்லை, என்ன செய்யலாம்?" என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது.

உங்கள் ஆர்கனுக்குள் மேல் ஆக்டேவின் 12 சுரங்களுக்கு 12 ஆசிலேட்டர், அதாவது சுரத்தைப் பிறப்பிக்கும் மின்சுற்று, இருக்கும். கீழ் ஆக்டேவ்களுக்குத் தனியாகக் கிடையாது. மேலே பிறக்கும் சுரத்தைப் பாதி, பாதியில் பாதி என்று வகுத்துக்கொண்டே கீழே இறக்குவார்கள். வைப்ரேட்டோ என்பது பதின்மூன்றாவது ஆசிலேட்டர். அதன் குரல் நம் காதுக்குக் கேட்காது. ஒரு வினாடிக்கு ஆறேழு தடவை மெதுவாக ஏறி இறங்கி, மற்ற பன்னிரண்டையும் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் இழுப்பதுதான் அதன் வேலை. ஆக, எஃப் ஷார்ப் மட்டும் எல்லா ஆக்டேவிலும் அசையாமல் நிற்கிறது என்றால், வைப்ரேட்டோ கார்டிலிருந்து எஃப் ஷார்ப் கார்டுக்குப் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. அந்தக் கார்டில் வைப்ரேட்டோ வந்து சேரும் ரெசிஸ்டரை மீட்டரில் பாருங்கள். ரெசிஸ்டர் நன்றாக இருந்தால் கார்டின் காலைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து. ஈயம் மினுமினுப்பில்லாமல் சாம்பல் பூத்து, காலைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரியும். வேனில் ஏற்றி இறக்கிய ஆர்கன் எல்லாவற்றிலும் அந்த வட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வையுங்கள். பழையதன் மேலேயே புதியதை அப்பாதீர்கள்.

அடுத்தது அந்த மூன்று கெப்பாசிட்டர். எலெக்ட்ரோலிடிக் வகையாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கிற ஈரம்தான் அதற்கு உயிர். ஐம்பது வருடத்தில் அது காய்ந்துவிடும். காயக் காயக் கொள்ளளவு குறையும். குறைந்தால் நடுக்கம் வேகமெடுக்கும். 10 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரடும் மூன்று படியாக நின்றால் கணக்குப்படி வினாடிக்கு ஏறக்குறைய 6.5 நடுக்கம் வரவேண்டும். அதே கெப்பாசிட்டர்கள் 0.6-க்கு இறங்கிவிட்டால் கிட்டத்தட்ட 11. நீங்கள் கேட்கும் கிடுகிடு அதுதான். காய்ந்த கெப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாக இருக்கும், சூடானால் கொஞ்சம் தேறும். பத்து நிமிடம் கழித்து உயிர் வருவது அதனால்தான்.

மூன்றையும் கழற்றிவிட்டு 1 மைக்ரோ ஃபாரட் பிளாஸ்டிக் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். அதற்கு பிளஸ், மைனஸ் கிடையாது, காய்வதும் கிடையாது. உருவம் வேறாக இருக்கும், காலை வளைத்துப் படுக்க வைத்தால் இடம் பிடிக்கும். கோலாலம்பூர் பக்கம் போனால் பசார் ரோட்டில் ஒரு தேத்தாரே குடிக்கிற காசுக்கு மூன்றும் கிடைத்துவிடும். நம்ம லோரோங் கூலிட் சந்தையில் பழைய செட்டிலிருந்து கழற்றி விற்கிறார்களே, அதை மட்டும் வாங்காதீர்கள். அதற்கும் உங்கள் ஆர்கனுக்கும் வயது ஒன்றுதான்.

இதற்கெல்லாம் முன்னால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்தக் காலத்து இறக்குமதியில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும், எர்த் இருக்காது. இரும்புச் சட்டத்தோடு எர்த் சேர்த்து மூன்று பின் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். மைக்கில் உதடு பட்டதும் சுளீரென்று பாடகர் பின்வாங்குவதை இரண்டு மேடையில் நேரில் பார்த்தவன் நான்.

இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். "மாற்றிக் கொடுங்கள்" என்று என்னிடம் ஆர்கன் கொண்டுவந்தவர்களில் பலர் இந்தக் கட்டத்திலேயே திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் வேண்டுமென்றால் மேற்கொண்டு படியுங்கள்.

வேகத்துக்கு: மூன்று படிகளில் டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலிலிருந்து முதல் கெப்பாசிட்டர் கிளம்பும். அது போய்ச் சேரும் இடத்திலிருந்து தரைக்கு (சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு) இறங்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் நமக்கு வேண்டியது. அதை எடுத்துவிட்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம் வால்யூம் பொட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) தொடராகப் போடுங்கள். வேகம் ஏறக்குறைய 5.2-லிருந்து 7.6 வரை நகரும். மற்ற இரண்டையும் தொட வேண்டாம். மெதுவான கோடிக்குத் திருப்பும்போது டிரான்சிஸ்டருக்குக் கூடுதல் பலம் தேவைப்படும். மூன்று ரெசிஸ்டரும் சமமாக இருந்தபோது 29 மடங்கு பெருக்கம் போதும். இப்போது 35 வரை கேட்கும். கிழட்டு டிரான்சிஸ்டருக்கு அங்கே மூச்சு நின்றுவிடலாம். அப்படி நின்றால் பொட்டை 5 கிலோ ஓமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது.

எவ்வளவு வேகம் என்று காதால் எண்ண முடியாது. ஃபோனில் ஒரு சுரத்தைப் பத்து வினாடி பதிவு செய்து கால் வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்கள். அறுபதிலிருந்து எழுபதுக்குள் இருந்தால் சரி. உங்கள் அப்பா காலத்துப் பாட்டுக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்றில் நிறுத்துங்கள் என்பேன். அது என் காது சொல்வது. உங்கள் காது வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

ஆழத்தில்தான் மனுஷன் கெட்டுப்போகிறான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் வேலை. ஒரு குழுவின் ஆர்கனுக்கு வைப்ரேட்டோ ஆழத்தைக் கூட்டக் குட்டிப் பொட் ஒன்று வைத்தேன். கடைக்குள் கேட்க அமர்க்களமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஃபெரி ஏறி அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள், நானும் கூடவே போனேன். வழியில் குலுக்கலில் பொட் முழுசாகத் திரும்பியிருக்கிறது. பாட்டின் முதல் நீண்ட சுரத்தைப் பிடித்ததும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பந்தலில் நாகஸ்வரத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாருப்பா அது, ஆட்ட அவுத்து வுட்டது?" என்றார். வைப்ரேட்டோ என்றாலே இன்றைக்கும் எனக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்கும்.

அதனால் ஆழத்துக்கு வைக்கும் பொட் தனியாக நிற்கக்கூடாது. இப்போது வைப்ரேட்டோவின் வெளிவழியில் இருக்கும் ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிட்டு, அதோடு தொடராகப் பொட்டைச் சேருங்கள். முழுசாகத் திருப்பினாலும் பழைய ஆழத்துக்கு மேல் போகாது, குறைக்க மட்டும் செய்யும். அதுவே போதும். அமெரிக்காவில் செய்த ஹேமண்ட் என்ற மின் ஆர்கனின் வைப்ரேட்டோ முழு ஆழத்தில்கூட மேலே ஒன்றரை சதவீதம், கீழே ஒன்றரை சதவீதம்தான் போகும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் கால்வாசி. சுருதி காட்டும் ஆப்பில் முள் அந்த அளவைத் தாண்டினால் குறையுங்கள்.

இன்னொன்று. வைப்ரேட்டோ போட்டதும் சுருதியே மொத்தமாக ஏறியோ இறங்கியோ நின்றால், நடுக்கத்தோடு டிசி மின்சாரமும் ஒழுகுகிறது என்று பொருள். வெளிவழியில் இருக்கும் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுங்கள்.

முன்பலகையில் துளை போடாதீர்கள், தம்பி. பின்பக்கம் சின்ன அலுமினியத் தகட்டில் இரண்டு பொட்டையும் மாட்டுங்கள். கழற்றிய சாமானை உறையில் போட்டு, தேதி எழுதி, மூடிக்குள்ளே ஒட்டி வையுங்கள்.

இத்தனை செய்தும் "அந்தப் பாட்டில் இருக்கும் சுழற்சி வரவில்லையே" என்று தோன்றினால், அது ஆர்கனின் குற்றமில்லை. உங்கள் கருவியில் ஆசிலேட்டரே அசைகிறது. அசையாத குரல் என்று ஒன்று பக்கத்தில் இல்லை. ஹேமண்டில் நேர்க்குரலோடு நடுங்கும் குரலைக் கலந்துவிடுவார்கள். கோரஸ் என்பது அந்தக் கலப்பு. அல்லது ஒலிபெருக்கியின் கொம்பையே சுழலவிடுவது, டான் லெஸ்லி செய்த மாதிரி. இரண்டையும் உங்கள் பெட்டிக்குள் வெட்டி ஒட்டிக் கொண்டுவர முடியாது. சுழலும் ஒலிபெருக்கி மாதிரி பாவனை செய்யும் பெடல் ஒன்றை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆர்கனின் வைப்ரேட்டோவை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் ஆடுதான்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் கப்பலில் பழைய ஹேமண்ட் ஆர்கன் அனுப்பியிருக்கிறார். 240 வோல்ட்டை 117-ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் வாசிக்கிறோம். ஆனால் சுருதி மூன்று கட்டை கீழே இருக்கிறது, வைப்ரேட்டோவும் சோம்பலாக இருக்கிறது. எதை முறுக்கிச் சரிசெய்வது?
— வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, முறுக்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. 1935-இல் வந்த முதல் ஹேமண்டிலிருந்தே அதன் சுருதி மின்சாரத்தின் துடிப்பில் கட்டப்பட்டது. உள்ளே பற்சக்கரங்கள் சுழல்கின்றன. சுழற்றும் மோட்டார் மின்கம்பியின் ஹெர்ட்ஸுக்குத் தாளம் தப்பாமல் ஓடும். அமெரிக்காவில் 60, நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. எல்லாம் ஆறில் ஐந்து பங்காகிவிட்டது. 440-இல் நிற்க வேண்டிய ஏ 366.7-க்கு இறங்கிவிட்டது; சி கட்டையை அமுக்கினால் ஏறக்குறைய ஏ கேட்கும். வைப்ரேட்டோ தட்டுகளை வரிசையாகக் கடந்து செல்லும் ஸ்கேனரும் அதே மோட்டாரில்தான் சுழல்கிறது. வினாடிக்கு ஏழுக்கு நெருக்கமாக இருந்த நடுக்கம் 5.7 ஆகிவிட்டது. சோம்பல் என்று சரியாகத்தான் சொன்னீர்கள்.

வழி இரண்டு. ஒன்று, 50 ஹெர்ட்ஸ் ஊர்களுக்காகச் செய்த ஹேமண்டின் மோட்டாரும் சக்கரத் தொகுதியும் தேடிப் போடுவது. கனவு காணலாம். மற்றது, 60 ஹெர்ட்ஸ் சுத்தமான சைன் அலை கொடுக்கும் மாற்றி ஒன்று வாங்குவது. விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் மோட்டார்களுக்கு மட்டும் அதைக் கொடுத்து, ஆம்ப்ளிஃபையரை டிரான்ஸ்ஃபார்மரிலேயே விட்டுவிடலாம். அப்போது சின்ன மாற்றியே போதும். வால்வு ஆம்ப்ளிஃபையர் உள்ள கருவி, அணைத்த பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். இதை நீங்களே திறக்க வேண்டாம்.

அதுவரை சி கட்டையைத் தொட்டு ஏ சுருதியில் பாடிக்கொள்ளுங்கள். ஆண்குரல் பாடகர்கள் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: கோயில் பஜனைக்கு வாசிக்கும் என் ஆர்மோனியத்தில் வைப்ரேட்டோ வைக்க முடியுமா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: முடியாது. ரீடு ஒரு சுருதிக்கு அரம் போட்டுத் தேய்த்தது. சில ஆர்மோனியத்தில் டிரெமலோ என்று ஓர் இழுப்பு உண்டு. அது காற்று வழியில் ஒரு தகட்டை ஆடவிட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், சுருதியை அசைக்காது. உங்களுடையதில் அந்த இழுப்பு இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தோலைப் பாருங்கள். நம் ஊர் புழுக்கத்தில் அது முதலில் விறைக்கும்.