நெருப்பு வைப்பதற்கு முன்னால்: பழைய நீராவி இன்ஜின்கள் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

போன மாதம் நம்மவர்கள் சில குடும்பங்கள் சேர்ந்து டெல்லி சாணக்கியபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். வெயில் ஏறும்வரை ஒவ்வொரு இன்ஜினாக நின்று பேசியும் கேள்விகள் தீரவில்லை. மீதியை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், அனுப்பிவிட்டார்கள். என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, வேலைக் காலத்தில் பாதிக்கு மேல் பாய்லர் பக்கமே இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு டெல்லியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். வடக்கே பழைய இன்ஜின்களைச் சரிசெய்பவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துச் சொல்வேன்.

முனிர்காவிலிருந்து எட்டு வயதுப் பையனின் அம்மா: "இத்தனை இன்ஜின் நிற்கிறதே, ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் கரி போட்டால் ஓடாதா என்று நச்சரிக்கிறான். என்ன சொல்வது?"

வீட்டுக் குக்கரைக் காட்டிச் சொல்லுங்கள் அம்மா. விசில் வரும்போது குக்கருக்குள் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம் இருக்கும். முகப்பில் நட்சத்திரம் வைத்த டபிள்யூ.பி. இன்ஜின் நினைவிருக்கிறதா? 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து முதலில் வந்த வகை. அதன் பாய்லரில் 210 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 200 டிகிரி வரை போகும். எங்கேயாவது தகடு விட்டுக்கொடுத்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்த நொடியில் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாக மாறும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் ஆவியாகும். பாய்லர் வெடிப்பது என்பது இதுதான்.

ஆகவே நின்றுபோன இன்ஜினில் நெருப்பு வைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் மேல்தகட்டைக் கழற்ற வேண்டும், புகைக்குழாய்களை உருவ வேண்டும், உள்ளே ஆள் புகுந்து பார்க்க வேண்டும். தகட்டின் தடிமனை இப்போது மீயொலிக் கருவி வைத்து இடம் இடமாக அளந்து எழுதிவிடலாம். எங்கள் காலத்தில் சந்தேகப்பட்ட இடத்தில் துளை போட்டு அளந்து, அப்புறம் அடைப்போம்.

அதெல்லாம் தேறினால் தண்ணீர்ச் சோதனை. பாய்லர் முழுக்கக் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, ஓடும்போது இருப்பதைவிடக் கூடுதலான அழுத்தம் கொடுத்து நிறுத்துவோம். காற்றால் ஏன் செய்வதில்லை என்றால், அமுக்கிய காற்று வில் மாதிரி. தகடு கிழிந்தால் அது ஆளைத் தூக்கி எறியும். தண்ணீர் அமுங்காது, எனவே பழுதிருந்தால் பெரும்பாலும் பிசுபிசுவென்று கசிந்து நின்றுவிடும். கையில் சாக்பீஸோடு சுற்றிவந்து வியர்த்திருக்கும் இடங்களில் வட்டம் போடுவோம்.

இதிலும் தேறினால்தான் நெருப்பு. அதுவும் மெதுவாக. ஆறிக் கிடந்த பெரிய பாய்லரைச் சூடேற்ற ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வது நல்லது. அவசரப்பட்டால் தகடு ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் நீளாது, மூட்டெல்லாம் இளகும். கரி எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் கூரையில் ஈயம் வைத்த ஒரு சின்னத் திருகு இருக்கும், லெட் பிளக் என்போம். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் உருகி நீராவி நெருப்பின் மேலேயே சீறும். அதுதான் கரி போடும் பயர்மேனுக்கு வரும் கடைசி எச்சரிக்கை. பையனிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த முறை அவனே தேடிக் கண்டுபிடிப்பான்.

மயூர் விஹார், தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்: "எங்கள் வாசலில் சின்ன நீராவி இன்ஜின் ஒன்றை அலங்காரமாக நிறுத்தியிருக்கிறோம். வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம். ஆனாலும் துரு வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?"

சார், துரு உள்ளிருந்து வருகிறது. நீங்கள் வெளியே பூசுகிறீர்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே ஓர் ஆலை வாசலில் நின்ற இன்ஜின். தூரத்திலிருந்து பளபளவென்று இருந்தது. முன்னால் புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் ஸ்மோக் பாக்ஸின் கதவைத் திறந்தேன். அடியில் கையளவு உயரத்துக்குச் சாம்பலும் கரித்தூளும் களிமண் மாதிரி ஈரமாகக் கிடந்தது. கடைசியாக ஓடிய நாளின் சாம்பல். அதை யாரும் வாரவே இல்லை. புகைபோக்கிக்கு மூடி இல்லாததால் மழையெல்லாம் நேரே உள்ளே. நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் இருக்கும், ஈரம் பட்டால் அமிலமாகிவிடும். அடித்தகட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே அதே இடத்தில் கறுப்பு பெயின்ட் மட்டும் தோலாக நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தச் சாம்பலை வாருவதுதான். ஸ்மோக் பாக்ஸ், ஃபயர்பாக்ஸ், சாம்பல் தட்டு மூன்றையும் காய்ந்த தூரிகையால் சுத்தமாக வாரிவிடுங்கள். புகைபோக்கிக்கு வெளியிலிருந்து தெரியாத மாதிரி ஒரு தகட்டு மூடி போடுங்கள். பாய்லரின் அடியில் உள்ளே கழுவுவதற்காக இருக்கும் வாஷ் அவுட் திருகுகளைக் கழற்றிக் காற்றோட வையுங்கள். தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் உங்களுக்கு எதிரி: தண்ணீர்த் தொட்டியின் மூலை, டிரைவர் நிற்கும் ஃபுட்பிளேட்டுக்கு அடியில், ஃபயர்பாக்ஸின் அடிவளையம். சில இடங்களில் ஒரு சின்ன வடிகால் துளையே பத்து வருடப் பெயின்ட் செலவை மிச்சப்படுத்தும்.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். டெல்லிக் குளிரில் இரவெல்லாம் இரும்பு சில்லிட்டிருக்கும், காலைப் பனிமூட்டம் பட்டால் வியர்த்துக் கொட்டும். பாய்க்குள் அந்த ஈரம் போக வழியில்லை. நாலு பக்கமும் திறந்த ஒரு கூரை போட்டாலே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பாய்லரைச் சுற்றி வெளித்தகட்டுக்கு உள்ளே வெள்ளையாக, பஞ்சும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி எதையாவது பார்த்தால் கை வைக்காதீர்கள், பிய்க்காதீர்கள், பெருக்காதீர்கள். பழைய இன்ஜின்களில் சூடு போகாமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருப்பார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து ஆளைக் கொல்லும். நாங்கள் இளவயதில் அதை வெறுங்கையால் பிசைந்து பூசினோம், யாரும் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

ரோஹிணி, பொறியியல் மாணவர்: "பாய்லரை மாற்றி, குழாய்களை மாற்றி, சக்கர வளையங்களையும் மாற்றிவிட்டால் அது அதே இன்ஜின்தானா? அப்படியே துருவோடு விட்டுவிடுவது நேர்மையில்லையா?"

நல்ல கேள்வி தம்பி. எனக்கே இதில் இரண்டு மனசு உண்டு.

ஓடும் இன்ஜின் தன்னையே தின்றுகொண்டுதான் ஓடும். பிஸ்டன் வளையம், பேரிங்கின் வெள்ளை உலோகம், புகைக்குழாய் எல்லாம் தேயவேண்டியவை. சர்வீஸில் இருந்தபோதே மாற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு ஷெட்டில் இணைப்புத் தண்டைத் துடைத்துப் பார்த்தபோது அதில் வெட்டியிருந்த எண் வேறு ஓர் இன்ஜினுடையது. எப்போதோ அவசரத்துக்கு ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டியிருக்கிறார்கள். அதுவும் அந்த இன்ஜினின் கதைதான், அரைத்து அழித்துவிடாதீர்கள்.

ஃபேரி குயீன் என்ற இன்ஜினை எடுத்துக்கொள். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டியது, கிழக்கிந்திய ரயில்வேயின் 22-ஆம் எண். 1909-ல் ஓய்வுபெற்று வெறும் காட்சிப்பொருளாக நின்றதை நம் பெரம்பூர் லோகோ ஒர்க்‌ஸில் சரிசெய்து 1997-ல் மறுபடி ஓடவைத்தார்கள். அடுத்த வருடம் உலகிலேயே முறையாக ஓட்டத்தில் இருக்கும் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று கின்னஸில் ஏறியது. அது ஓடாமலே இருந்திருந்தால் இத்தனை பேருக்கு அதன் மேல் பாசம் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன். அதன் ஜோடியான 21-ஆம் எண் இன்ஜினையும் பெரம்பூர்தான் 2010-ல் உயிர்ப்பித்தது.

ஆனால் ஒரு வகையில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதன் பாய்லரும் முதலில் வைத்ததே என்றால், என் கருத்து, அதில் நெருப்பு வைக்கக் கூடாது. 1855-ன் கைவேலை ரிவெட்டை இன்று உருவி எறிந்தால் நாளைக்கு யாரும் படிக்க முடியாது. ஓடியே பார்க்க வேண்டுமென்றால் புதிதாகக் கட்டலாம். ஊட்டி மலை ரயிலுக்குப் பொன்மலையில் எக்ஸ் வகை இன்ஜின்களைப் புதிதாகவே கட்டினார்கள், எண்ணெயில் எரிவதும் நிலக்கரியில் எரிவதும். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்துர் ஆலை கொடுத்த அந்த வடிவமைப்பில் நாலு சிலிண்டர்: இரண்டு சக்கரத்தை உருட்டும், அதில் வேலை முடிந்த நீராவியே அடுத்த இரண்டுக்குப் போய், செங்குத்தான ஏற்றத்தில் பிடித்து ஏற உதவும் பல்சக்கரத்தைத் திருப்பும். அதைக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்ட கைகள் இருப்பதால்தான் பழையதைத் தொந்தரவு செய்யாமல் புதியதைக் கட்ட முடிந்தது. பழையதைப் பாதுகாப்பதில் இதுவும் ஒரு வகை.

எதைச் செய்தாலும் எழுதி வை. எதைக் கழற்றினாய், எதைப் புதிதாகப் போட்டாய், எந்த நாள். புதிய பாகத்தில் வருடத்தை வெட்டு. வெளிப்பூச்சைச் சுரண்டும் முன்னால் தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் தண்ணீர் உப்புத்தாள் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார். நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும், முதல் நிறம் நடுவில் இருக்கும். படம் எடுத்துக்கொள். மணலை வீசியடித்துச் சுத்தம் செய்ய வருபவரிடம் அதற்கு முன்னால் கொடுத்துவிடாதே, அரை நாளில் எல்லாம் போய்விடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்காதே.

ஜனக்புரி: "தாத்தா ரயில்வேயில் இருந்தவர். வீட்டில் ஒரு பித்தளை எண் தகடு இருக்கிறது. பாட்டி மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?"

குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். புளி பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும், அங்கங்கே செம்புச் சிவப்பாகத் திட்டு விழும். எழுத்துக்கு நடுவே ஒட்டியிருக்கும் பழைய பெயின்டும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ். நன்றாகத் துடைத்து மெல்லிய மெழுகு. பின்பக்கத்தில் ஏதாவது எண் வெட்டியிருந்தால் அதைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள்.

கரோல் பாக்: "உயிரோடு இருக்கும் இன்ஜினை டெல்லிக்குப் பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?"

ரேவாரி. ஹரியானாவில், காலையில் ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். 1893-ல் கட்டிய லோகோ ஷெட், இப்போது நீராவி இன்ஜின்களுக்கான பாரம்பரிய மையம். எந்த நாளில் நெருப்பு வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

குருகிராம்: "டெல்லிக் காற்று இருக்கும் நிலையில் கரி எரித்து இன்ஜின் ஓட்டுவது நியாயமா?"

குளிர்காலத்தில் மூச்சு முட்டும் நாட்களில் ஓட்ட வேண்டாம் என்பதே என் பதிலும். மற்றபடி வருடத்தில் சில நாள் ஓடுவதற்கு நல்ல பயர்மேன் இருந்தாலே புகை பாதி குறையும். கறுப்புப் புகை என்றால் கரி எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய படுக்கையாகப் போட்டு, மேலே காற்றும் விட்டால் புகைபோக்கியில் சாம்பல் நிறம்தான் வரும். அள்ளிக் கொட்டினால்தான் கறுக்கும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் கறுப்புப் புகையைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறார்கள். எங்கள் டிரைவர் அதைப் பார்த்தால் பயர்மேனைத் திட்டுவார்.

ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு பெரியவர்: "என் அப்பா பாய்லர் மேக்கர். ஃபயர்பாக்ஸுக்குள் குனிந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பாராம். என்ன கேட்டார்? அந்தச் சுத்தியல் இன்னும் என்னிடம் இருக்கிறது."

ஐயா, இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

ஃபயர்பாக்ஸ் என்பது பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் நெருப்பு, வெளிப்பெட்டிக்கும் அதற்கும் நடுவே தண்ணீர். நீராவி அந்த இரண்டு தகட்டையும் பிரித்துத் தள்ளப் பார்க்கும். பிரியாமல் பிடித்து வைப்பவை ஸ்டே போல்ட்டுகள், பெரிய இன்ஜினில் ஆயிரத்தைத் தாண்டும். சூட்டில் உள்தகடு நீளும்போதெல்லாம் அவை கொஞ்சம் வளையும், ஆறும்போது நிமிரும். வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து ஒருநாள் வெளித்தகட்டை ஒட்டி முறியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒன்று முறிந்தால் அதன் பாரம் பக்கத்தில் இருப்பவற்றுக்குப் போகும், அப்புறம் அவையும் முறியும். அதற்காகவே பல ஸ்டேக்களின் நடுவே மெல்லிய துளை போட்டிருப்பார்கள், முறிந்தால் அதன் வழியே தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் உப்புப் படிந்து அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். அப்போது காதுதான்.

முழுசாக இருக்கும் ஸ்டே கணீரென்று பதில் சொல்லும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். முறிந்தது சொத்தென்று கேட்கும், கையில் ஓர் அசமந்தம் தெரியும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் அழுத்தம் வைத்துத் தட்டினால் முறிந்த முனைகள் விலகி நிற்கும், வித்தியாசம் இன்னும் தெளிவாகும். என் குரு என்னை முதல் நாள் உள்ளே உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, அவர் தட்டுவார், நான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும். ஒரு வாரம் தப்பாகத்தான் சொன்னேன். இன்று கருவிகள் நிறைய வந்துவிட்டன, இருந்தாலும் ரேவாரியிலோ பெரம்பூரிலோ ஒரு பழைய பாய்லரைத் திறந்தால் முதலில் கையில் எடுப்பது சுத்தியல்தான்.

உங்கள் அப்பாவின் சுத்தியலில் தலையை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். பிடியை இழைக்காதீர்கள், வார்னிஷ் போடாதீர்கள், புதுப்பிடி மாற்றவே மாற்றாதீர்கள். கட்டைவிரல் பதிந்த இடத்தில் ஒரு குழி இருக்கும், பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்துக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள், என்னுடையதையும் கொண்டுவருகிறேன்.