நகையை அடகு வைக்கும் முன், மகளின் கறுப்புத் திரையைப் பாருங்கள்

ஈரோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நள்ளிரவு வரை கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறாள்; கேட்டால் "ஈமாக்ஸ் எடிட்டரை எனக்குத் தோதா மாத்துறேன்" என்கிறாளாம் (ஈமாக்ஸ் என்பது புரோகிராம் எழுதப் பயன்படும் மென்பொருள்). பெரியப்பாவோ, "பி.எஸ்சி.க்கு யார் வேலை தருவா? முடிச்சதும் லேட்டரல் என்ட்ரியில பி.இ. ஏஐ - டேட்டா சயின்ஸ்ல போடு, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நான் பேசுறேன்" என்கிறார். நகையை வைத்துப் பணம் கட்டலாமா என்பது கேள்வி.

வேண்டாம் அம்மா. லேட்டரல் என்ட்ரி என்றால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வது; பி.எஸ்சி.க்கு மேல் இன்னும் மூன்று ஆண்டு. இப்போது படிக்கிற டேட்டா ஸ்ட்ரக்சரையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் பணம் கட்டி மறுபடி படிக்க வேண்டிவரும். பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மாதாமாதம் வட்டி கட்டப்போவது நீங்கள். டேட்டா சயின்ஸ் வேண்டும் என்று மகள் ஒரு முறையாவது கேட்டாளா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. எம்.சி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: டெவலப்பர் டூல்ஸ், அதாவது புரோகிராமர்கள் பயன்படுத்தும் கருவிகளைச் செய்கிற வேலை. பல பேர் கோடு எழுதும் இடத்தில், தட்டும்போதே தப்பு தெரியவும், பில்ட் (கோடை ஓடும் புரோகிராமாக ஆக்குவது) சீக்கிரம் முடியவும், டெஸ்ட் தானாக ஓடவும் சிலர் தனியே உழைக்கிறார்கள். உங்கள் மகள் தெரியாமலேயே அந்த வாசலில் நிற்கிறாள்.

குனூ ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். அடிமட்டம் சி மொழியில் இருக்கிறது. மேலே பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப் என்ற மொழியில். எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு ஃபங்ஷனைத் திறந்து படித்து, மாற்றி, அப்போதே சோதிக்கலாம். வேறொருவர் எழுதிய பெரிய கோடைப் படித்துத் திருத்துவதுதான் வேலையில் தினமும் செய்ய வேண்டியது. கல்லூரி லேபில் அதற்கு இடமே இல்லை.

ஆனால் எல்லா "எடிட்டர் மாற்றமும்" படிப்பு ஆகாது. நிறம், எழுத்துரு, ஐகான் என்று ஆறு மாதம் போனால் அது பொழுதுபோக்கு. அடுத்தவர் செட்டிங்கை முழுதாக நகலெடுத்து வைத்திருந்தாலும் அப்படித்தான். மகளின் இனிட் ஃபைலை (ஈமாக்ஸ் திறக்கும்போது படிக்கும் செட்டிங் ஃபைல்) திறக்கச் சொல்லி, ஏதாவது பத்து வரியைக் காட்டி "இது எதுக்கு, எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை, பதில் தடுமாறுகிறதா என்பது காதுக்கே தெரியும்.

அடுத்து, எது உடையும், ஏன் உடையும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இனி வருவதை அவளையே படிக்கச் சொல்லுங்கள்.

2023 ஜூலையில் வந்த ஈமாக்ஸ் 29-இல் எக்லாட்டும் ட்ரீ-சிட்டர் ஆதரவும் உள்ளேயே வந்துவிட்டன. எக்லாட், கோடைப் படித்துத் தப்பு சொல்லும் தனிப் புரோகிராமான லாங்குவேஜ் சர்வரோடு பேசும். ட்ரீ-சிட்டர் கோடின் இலக்கண மரத்தைக் கட்டும். பைத்தான் ஃபைலுக்கு ட்ரீ-சிட்டர் மோடைப் போட்டதும் பழைய மோடின் ஹூக்கில் (மோடு தொடங்கும்போது ஓட வேண்டியவை) எழுதி வைத்தது எதுவும் ஓடாது, ஏனென்றால் இரண்டும் தனித்தனி மோடு. இரண்டுக்கும் பொதுவான பேஸ் மோடின் ஹூக்கில் எழுது. ட்ரீ-சிட்டருக்கு அந்த மொழியின் இலக்கணத்தை நிறுவ, கிட் (git) என்ற கருவியும் சி கம்பைலரும் வேண்டும். நிறுவிய பிறகும் வெர்ஷன் பொருந்தவில்லை என்று வந்தால், அந்த இலக்கணம் உன் ஈமாக்ஸில் இருக்கும் ட்ரீ-சிட்டர் லைப்ரரியைவிடப் புதியது. பழைய வெர்ஷன் டேக் ஒன்றை எடுத்து நிறுவு.

சர்வரே கிடைக்கவில்லை என்று சொன்னால் முதலில் பாத்தை (PATH, புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) பார். டெர்மினலில் திறக்கும்போது கிடைத்து, ஐகானைத் தட்டித் திறக்கும்போது கிடைக்காவிட்டால், ஷெல் வைத்திருக்கும் பாத் ஈமாக்ஸுக்கு வந்து சேரவில்லை. சர்வர் ஓடியும் இம்போர்ட் எல்லாம் சிவப்பாக நின்றால், பிராஜெக்ட் ஃபோல்டரில் கிட் இனிட் கொடுத்தாயா என்று பார். இல்லாவிட்டால் எக்லாட், ஃபைல் இருக்கும் ஃபோல்டரையே பிராஜெக்ட்டின் வேர் என்று எடுத்துக்கொள்ளும். சர்வர் மந்தமாக இருந்தால் இதைப் பார்: ஈமாக்ஸ் 29 சர்வரிடமிருந்து ஒரு தடவைக்கு 4096 பைட்தான் படிக்கும். அந்த எல்லையை 1 எம்பி ஆக்கு. 30-இல் அதை 65536 ஆக உயர்த்திவிட்டார்கள். அதற்கும் மேல் மந்தம் என்றால் ஊகிக்காதே, எது நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலர் உள்ளேயே இருக்கிறது, அதை ஓட்டிப் பார். பிழை வந்தால் இனிட் ஃபைலே இல்லாமல் ஹைஃபன் பெரிய க்யூ (-Q) கொடுத்துத் திற. அங்கேயும் பிழை இருந்தால் ஈமாக்ஸின் மேல் பழி. இல்லாவிட்டால் உன் ஃபைலில் பாதியை கமென்ட் செய்து, பாதியைப் பாதியாக்கித் தேடு.

இவையெல்லாம் கைவந்த பிறகு, தனக்கு மட்டும் செய்ததை ஊருக்கும் உதவும் ஒரு சிறு பேக்கேஜாக ஆக்க வேண்டும். ஒரு யோசனை: "கோயில்" என்பது நமக்கு மூன்று எழுத்து. ஈமாக்ஸின் லெங்த் ஃபங்ஷனைக் கேட்டால் 6 என்கும், ஏனென்றால் க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஒவ்வொரு குறியையும் தனியாக எண்ணுகிறது. 29-இல் வந்த ஸ்ட்ரிங்-கிளிஃப்-ஸ்பிளிட் திரையில் சேர்ந்து நிற்கும் துண்டுகளாகப் பிரிக்கும். இதை வைத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணும் கருவி ஒன்றை எழுதலாம். "க்ஷ" வந்தால் ஒரு எழுத்தா, இரண்டு எழுத்தா என்று முடிவு செய்ய வேண்டிவரும், அங்கேதான் உண்மையான வேலை. ஈமாக்ஸின் டெஸ்ட் கருவியான இஆர்டி-யில் டெஸ்ட் எழுதி, பைட்-கம்பைல் எச்சரிக்கை, செக்டாக், பேக்கேஜ்-லின்ட் என்று குறை காட்டும் மூன்றையும் சுத்தமாக்கி, ஈமாக்ஸ் பேக்கேஜ்களின் களஞ்சியமான மெல்பாவுக்கு அனுப்பலாம். அங்கே யாரோ ஒருவர் வரிவரியாகக் குறை சொல்வார். அதைக் கேட்டுத் திருத்திய வரலாறு, தேதியோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும் இடத்தில் நிற்கும். ஈமாக்ஸுக்கே பங்களிக்க நினைத்தால், சுமார் 15 வரிக்கு மேல் போனால் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்குப் பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுதித் தர வேண்டும். அந்தத் தாளுக்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

18 வயது நிரம்பியவர்களுக்கு, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் கோடு எழுத வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு இருக்கிறது. அதில் உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் மார்ச்-ஏப்ரல் வாக்கில். அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே ஒரு திட்டத்தைத் தேர்ந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பியிருக்க வேண்டும், விண்ணப்பத்தோடு முதல் முறையாகப் போய் நிற்கக் கூடாது. கம்பைலர் பாடம் என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். "ஈமாக்ஸ் தெரியும்" என்று ரெஸ்யூமில் போட்டால் வேலை கிடைக்காது. கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பது ஜாவா, எஸ்கியூஎல், கணக்கு. அவற்றுக்கு வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் கட்டாயம் ஒதுக்க வேண்டும், செமஸ்டரில் அரியர் விழக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் லேப்டாப் வேண்டாம் என்பதிலும் அப்படியே. கண்ட்ரோல் கீயைச் சுண்டுவிரலால் நாள் முழுக்க அழுத்தினால் மணிக்கட்டு வலிக்கும். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

செலவு செய்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், அவள் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஈமாக்ஸுக்கு அது போதும், லாங்குவேஜ் சர்வருக்குப் போதாது. 8 ஜிபி ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்கள். பெரியப்பாவிடம், ஐந்தாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு மகளையும் உட்காரவைத்துப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.