வேப் லிக்விடை வீட்டிலேயே கலக்கலாமா? – கேள்வி பதில்

இரண்டு மாதமாக இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன, சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைகாலையும் டிரம் டிரம்மாகச் சோதித்தே காலத்தை ஓட்டியவன். வேப் (மின் சிகரெட்) கருவியில் ஊற்றிச் சூடாக்கி இழுக்கிற லிக்விடில் முக்கால்வாசிக்கு மேல் இந்த இரண்டும்தான்.

கிளிசரின் மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது, புரோப்பிலீன் கிளைகால் பாரிமுனைப் பக்கம் வாங்கிவிடலாம், கேக் எசென்ஸ் எங்கேயும் கிடைக்கும். எல்லாம் வாயில் போடுகிற சாமான்தானே, வீட்டில் கலந்தால் என்ன? – பெரம்பூர் வாசகர்

வாயில் போடுகிற சாமான்தான், சரி. ஆனால் நீங்கள் இதை வாயில் போடப்போவதில்லை, சூடாக்கி நுரையீரலுக்குள் இழுக்கப்போகிறீர்கள். வயிற்றுக்குப் போனால் அமிலம் இருக்கிறது, அப்புறம் கல்லீரல் இருக்கிறது, ஏதோ ஒரு வடிகட்டல் நடக்கும். நுரையீரலில் அப்படி ஒரு காவல்காரன் கிடையாது.

எசென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் வாசனைக்கு டைஅசிட்டைல் என்று ஒன்று போடுவார்கள், சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துப் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளிகளுக்கு 2000ஆம் ஆண்டுவாக்கில் நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பு பிடித்து அடைத்துப்போயின, சரிசெய்ய முடியாத நோய் அது. பேக்கரி எசென்ஸ் பாட்டிலில் உள்ளே என்னென்ன வாசனைப் பொருள் என்று தனித்தனியாக எழுதியிருக்காது, "அனுமதிக்கப்பட்ட செயற்கை மணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு அது போதும்.

அடுத்தது கிளிசரின். வடைச் சட்டியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கிற ஒரு புகை வருமே, அதில் இருப்பது அக்ரோலின், எண்ணெயில் இருக்கும் கிளிசரின் பகுதி உடைந்து வருவது. வேப் கருவிக்குள் லிக்விடைச் சூடாக்குகிற கம்பிச் சுருளில் (காயில்) பஞ்சு காய்ந்துபோய்ச் சூடு ஏறினால் அதே சரக்கு அங்கேயும் பிறக்கும், கூடவே ஃபார்மால்டிஹைடும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் வேறொன்றில். டைஎத்திலீன் கிளைகால் என்று ஒரு விஷம் இருக்கிறது. நிறம் கிடையாது, லேசான இனிப்பு, குழகுழவென்று இருக்கும், கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைகாலையும் பக்கத்தில் வைத்தால் என்னாலேயே கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கேஸ் குரோமட்டோகிராஃப் என்கிற ஆய்வகக் கருவியில் ஏற்றினால்தான் எது எது என்று தெரியும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காலி செய்த அந்த இருமல் சிரப் நினைவிருக்கிறதா? காஞ்சிபுரம் மாவட்டத்தில், நமக்குப் பக்கத்தில் தயாரானது, அதில் 48.6 சதவீதம் இந்த விஷம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. லைசென்ஸ் வாங்கின கம்பெனிக்கே இந்த கதி என்றால், கடைக்காரர் பெரிய கேனிலிருந்து குட்டி பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டிக் கொடுக்கிற சரக்கில் என்ன இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

நான் விற்கப்போவதில்லை, எனக்கு மட்டும்தான். சட்டம் என்ன செய்யும்? – வேளச்சேரி வாசகர்

தமிழ்நாட்டில் 2018இலேயே மின் சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம், அதே வருடம் டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். தயாரித்தாலோ விற்றாலோ முதல் தடவை ஒரு வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடி மாட்டினால் 3 வருடமும் 5 லட்சமும் வரை போகும். இருப்பு வைத்ததற்கு 6 மாதம் அல்லது 50,000 ரூபாய் வரை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். நிகோடின் இல்லாத லிக்விட்தான் என்று தப்பிக்கவும் வழியில்லை, சட்டத்தின் விளக்கத்திலேயே "நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்றுதான் கருவியைச் சொல்லியிருக்கிறது.

பயன்படுத்துவதைக் குற்றம் என்று தனியாக எழுதவில்லை, உண்மைதான். ஆனால் இங்கே விற்கக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, செய்யவும் கூடாது என்றால் உங்கள் கைக்கு அது எப்படி வந்தது என்றுதானே முதல் கேள்வி வரும்? வெறும் லிக்விட் மட்டும் கலந்தால் அது "தயாரிப்பு" ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். உங்கள் பெயரில் அந்த வழக்கு நடக்க வேண்டாம் என்பது என் ஆசை.

நிகோடினே வேண்டாம். நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு, கொஞ்சம் பச்சைக் கற்பூரம் போட்டு இழுத்தால் சளிக்கு நல்லதுதானே? ஆவி பிடிப்பது போலத்தானே? – மயிலாப்பூர் வாசகி

இல்லை அம்மா, தயவுசெய்து வேண்டாம். ஆவி பிடிக்கும்போது போர்வைக்குள் வருவது தண்ணீர் ஆவி, அதோடு காற்றில் கலந்த கொஞ்சம் வாசனை. வேப் கருவி எண்ணெயையே நுண்ணிய திவலையாக்கி உள்ளே அனுப்புகிறது. எண்ணெய் நுரையீரலில் போய்ப் படிந்தால் உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது, எண்ணெய் நிமோனியா என்று ஒன்று வரும். அமெரிக்காவில் 2019இல் வேப்பினால் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களே, 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அதில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து லிக்விடில் அடர்த்திக்காகக் கலந்த விட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. விட்டமின் ஈ, முகத்துக்குப் பூசுகிற அதே வகைச் சாமான்! கற்பூரம் இன்னொரு தலைவலி, சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். பழைய மாதிரி பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஆவி பிடியுங்கள், அதுவே போதும்.

காலேஜ் போகிற பையன் பையில் சின்ன பாட்டில் ஒன்று கிடைத்தது. "20 மி.கி." என்று போட்டிருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். – அம்பத்தூர் வாசகி

பாட்டிலை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், பையனோடு சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

20 மி.கி. என்பது ஒரு மில்லிக்கு. பாட்டில் 10 மில்லி என்றால் மொத்தம் 200 மி.கி. நிகோடின். ஒரு சிகரெட் புகைத்தால் உடம்பில் ஏறுவது 1 முதல் 2 மி.கி.தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் பழ வாசனையோடு, கலர் லேபிளோடு இருக்கும், குழந்தைக்கு ஜூஸ் மாதிரித் தெரியும். விழுங்கினால் வாந்தி, எச்சில் ஒழுகல், வியர்வை, முகம் வெளிறுவது, அப்புறம் வலிப்பு, மூச்சுத் திணறல் என்று மளமளவென்று போகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் புகட்டாதீர்கள், 108ஐக் கூப்பிட்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தோல் வழியாகவும் ஏறும். திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் புகையிலை விளைகிறது, ஈர இலையை நாள் முழுக்கக் கையில் பிடிக்கிற புகையிலைத் தொழிலாளிகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது எல்லா ஊரிலும் தெரிந்த நோய். பாட்டில் கொட்டிவிட்டால் கையுறை போட்டுத் துடையுங்கள், பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள், நனைந்த துணியை உடனே மாற்றுங்கள்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் தம்பி அவனே வேப் லிக்விட் கலந்து இழுக்கிறான், அங்கே சட்டப்படி சரி என்கிறான். பொங்கலுக்கு வரும்போது எனக்கும் கொண்டுவரட்டுமா? – குரோம்பேட்டை வாசகர்

அங்கே சரிதான். பிரிட்டனில் நிகோடின் லிக்விட் மில்லிக்கு 20 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது. அதனால் 50 மில்லி நிகோடின் இல்லாத ஃபிளேவர் ஒரு பெரிய பாட்டிலில் வரும், மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், 18 மி.கி. உள்ள 10 மில்லியை அதில் கவிழ்த்துக் குலுக்கினால் 180 மி.கி.யை 60 மில்லியால் வகுத்து, மில்லிக்கு 3 மி.கி. பெரும்பாலும் "கலக்கிறேன்" என்பது அவ்வளவுதான், மூலப்பொருள் எல்லாம் சோதித்து வந்தது. சொந்தமாகக் கிளிசரின் அளந்து கலக்கிறவர்கள் எடை போட்டுத்தான் செய்வார்கள், ஏனென்றால் கிளிசரின் ஒரு மில்லி 1.26 கிராம், சிரிஞ்சின் சுவரில் தேன் மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது, அளவு தப்பும்.

இங்கே கொண்டுவரக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு என்றாலும் இறக்குமதி இறக்குமதிதான், மீனம்பாக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். தம்பி சிங்கப்பூர் வழியாக வருகிறான் என்றால் இன்னும் மோசம், அங்கே 2018 முதல் கையில் வைத்திருந்தாலே அபராதம்.

ஒரு நாளைக்கு இருபது சிகரெட். விட முடியவில்லை. வேப் பிடித்தால் விடலாம் என்கிறார்களே? – தி. நகர் வாசகர்

நேர்மையாகச் சொன்னால், பிரிட்டனில் அரசு மருத்துவ சேவையே சிகரெட்டை நிறுத்த வேப்பைப் பரிந்துரைக்கிறது, அது பலருக்கு உதவுகிறது என்று ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அது சோதித்த சரக்கு. நீங்கள் மொட்டை மாடியில் கலக்கப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிகோடின் சூயிங்கம் மெடிக்கல் ஷாப்பில் 2 மி.கி., 4 மி.கி. என்று கிடைக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர் என்றால் 4 மி.கி. வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பலர் இதைப் பபிள்கம் மாதிரி மென்று விழுங்கிவிட்டு "வேலை செய்யவில்லை, விக்கல்தான் வருகிறது" என்கிறார்கள். மெதுவாக மெல்லுங்கள், காரம் தெரிந்ததும் வெற்றிலையை அதக்குவது போலக் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. காபி குடித்த கால் மணி நேரத்துக்கு இதைப் போடாதீர்கள், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உறிஞ்சாது. சென்னைக்காரரிடம் காபியைத் தள்ளிப் போடச் சொல்வது கொடுமைதான், என்ன செய்ய.

சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்த எண் 1800-11-2356, இலவசம். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவுகிற பிரிவு இருக்கிறது. கூச்சப்படாமல் போங்கள்.

அடுத்த மாதம் தங்கை ரிசப்ஷன், மேடையில் புகை விடுகிற மெஷின் வைக்கிறார்கள். அந்த லிக்விடும் இதே சமாச்சாரமா? – வடபழனி வாசகர்

பெரும்பாலும் ஆமாம், கிளைகாலோ கிளிசரினோ தண்ணீரோடு. தரையோடு தரையாக வெள்ளையாக ஊர்ந்து போகிறதே, அது பெரும்பாலும் டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, வேறு ஜாதி. ஒரு மாலைக்கு ஒன்றும் ஆகாது, ஆஸ்துமா இருக்கிற பெரியப்பாவை மட்டும் முதல் வரிசையில் உட்கார வைக்காதீர்கள். ஏசி ஹால் என்றால் புகை முடிந்ததும் பத்து நிமிஷம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.