‘ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். படிப்பு முடித்துப் புதிதாக வருபவர்களை மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டர் தருபவரோடு பேசி அதை முடித்து அனுப்பும்வரை கவனிக்கும் வேலைக்கு, எடுக்கும்போது, ‘ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்றுதான் ஆரம்பிப்பேன். ஆளின் குணம் அதில் தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. போன மாதம் ஒரு பையன், ‘அப்படி எதுவும் இல்லை சார்’ என்றான். எடுக்கவில்லை. எம்.பி.ஏ. முடித்துவிட்டுத் தொழிலுக்கு வந்திருக்கும் என் மகள், இந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள் என்கிறாள். ஐ.ஏ.எஸ். நேர்முகத்திலேயே கேட்கிறார்களே, நான் கேட்டால் தப்பா?

பதில்: கேட்பது தப்பில்லை. அந்தப் பதிலை வைத்து ஆளை எடுப்பதும் தள்ளுவதும்தான் தப்பு. அதனால் நான் உங்கள் மகள் பக்கம்.

அந்தப் பையன், கல்லூரி விட்டதும் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தவனாக இருக்கலாம். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து படித்தவனாகவும் இருக்கலாம். அவனுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்திருக்குமா? கடையைப் பார்த்துக்கொண்டதை உங்களிடம் சொல்லலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்காது. அதே சமயம், கல்லூரியில் பிளேஸ்மென்ட் பயிற்சிக்குப் போனவர்கள் ‘புத்தகம் படிப்பேன், பாட்டு கேட்பேன்’ என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். உண்மையைச் சொன்னவனை அனுப்பிவிட்டு, ஒப்பித்தவரை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சிக்கல், இந்தக் கேள்விக்கு வருகிற பதில் பொழுதுபோக்கோடு நிற்காது. ‘சர்ச் கொயரில் பாடுவேன்’, ‘கோயில் உழவாரப் பணிக்குப் போவேன்’, ‘வீணை கற்கிறேன்’, ‘பறை வாசிப்பேன்’. இன்று பறையை யார் யாரோ ஆர்வத்தோடு கற்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் கேட்பவர் மனம் உடனே ஒரு கணக்குப் போட்டுவிடும். மதத்தையும் சாதியையும் நேரடியாகக் கேட்கக் கூசுகிறவர்கள் சுற்றிவளைத்துத் தெரிந்துகொள்வது நம் ஊரில் பழைய வித்தை. ‘சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?’ என்பதும் இதே ரகம்தான். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் காதில் விழுந்ததை விழாததாக்க முடியாதே. பெண்களிடம் இந்தப் பேச்சு இன்னும் சீக்கிரம் தடம் மாறி, ‘கல்யாணம் எப்போது?’ என்பதில் போய் நிற்கும்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஷ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்குக் கற்பனையான சட்ட மாணவர்களின் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. படிப்பும் மதிப்பெண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பெயரும், பின்னணியைக் காட்டும் சில விவரங்களும் மட்டும் வேறு. பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை என்று எழுதிய ‘பணக்கார’ ஆண்களில் 100-க்கு 16 பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கால்பந்து, கிராமிய இசை என்று எழுதிய ஆண்களில் 100-க்கு இரண்டு பேருக்குக்கூட அழைப்பு வரவில்லை. அதே போலோவைப் பெண் பெயரில் எழுதியபோது அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

ஐ.ஏ.எஸ். உதாரணத்துக்கு வருவோம். அங்கே விண்ணப்பத்திலேயே பொழுதுபோக்கை எழுதித் தர வேண்டும். கேள்வி வரும் என்று தெரிந்து, தயாராகித்தான் போகிறார்கள். எதிரில் இருப்பது ஒரு குழு. மொத்தம் 2025 மதிப்பெண்களில் நேர்முகத்துக்கு 275-தான், மீதி எழுத்துத் தேர்வுக்கு. உங்கள் அறையில் ஒரே ஆள், ஒரே கேள்வி, அப்போதே தீர்ப்பு. மத்திய அரசே கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 ஜனவரியிலிருந்து நேர்முகத்தை எடுத்துவிட்டது.

சரி, குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வேலையைக் கொஞ்சம் கையில் கொடுத்துப் பாருங்கள். ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து (வாங்குபவரிடமிருந்து) ஒரு மெயில் வந்ததாக வைத்துக்கொள்வோம்: லேப் டிப் (சாயம் சரிபார்க்க அனுப்பும் துணி மாதிரி) நிராகரிப்பு, காலர் அளவில் மாற்றம், ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறாது. ‘முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள், பையரிடம் என்ன கேட்பீர்கள்?’ என்று கேட்டுப் பத்து நிமிடம் கொடுங்கள். புதிதாக வருகிறவருக்குச் சரியான விடை தெரியாது, தெரியவும் வேண்டாம். எதை முதலில் எடுக்கிறார், தெரியாததைத் தெரியவில்லை என்கிறாரா, எதிர்க்கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஃபாலோ-அப்பே பாதி வேலையாக இருக்கிற இடத்தில், கிரிக்கெட் பிடிக்குமா என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கூடவே, ‘யாரும் சொல்லித்தராமல் நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். மளிகைக் கடைப் பையனிடமும் அதற்குப் பதில் இருக்கும். எல்லாரிடமும் இதே இரண்டையும் கேட்டு, மகளும் நீங்களும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட்டு, அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். அதன் பிறகு டீ குடிக்கும்போது, அவர்களே பயோடேட்டாவில் எழுதிய சிலம்பத்தைப் பற்றியோ சதுரங்கத்தைப் பற்றியோ தாராளமாக விசாரியுங்கள்.

ஒருவேளை, சாயங்காலம் ஆனால் கிளம்பிவிடுகிற ஆளா என்று மோப்பம் பிடிக்கத்தான் ஓய்வு நேரத்தைக் கேட்கிறீர்கள் என்றால், அதை நேராகவே சொல்லிவிடுங்கள். ‘ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி ஒன்பது வரை இருக்க வேண்டிவரும், வண்டி ஏற்பாடு செய்வோம், முடியுமா?’ என்று ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். வண்டி ஏற்பாட்டை உண்மையிலேயே செய்துவிட்டு.