ஒரு வீதி போதும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வாரம் ஐந்து நாளும் கம்ப்யூட்டர் முன்னால் போய்விடுகிறது. சனி, ஞாயிறு கிடைத்தால் மனைவி, மகளோடு கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுவோம். ஏரி, தூண் பாறை, குணா குகை என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பினால், திங்கட்கிழமை லீவு போட்டுவிடலாமா என்றிருக்கிறது. நிதானமாக நடப்பதைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். மதுரையில் எங்கே அண்ணா நடப்பது? பிளாட்பாரம் முழுக்கக் கடை, ரோடு முழுக்க பைக். கொஞ்சம் மெதுவாக நடந்தால் ‘வழியை விடுங்க சார்’ என்கிறார்கள்.

சரவணன், மதுரை

அன்புள்ள சரவணன்,

கொடைக்கானல் மேல் குற்றமில்லை. தூரம்தான் பிரச்சினை. சீசனில் மலை ரோட்டில் வண்டி நகராது. கையில் இருக்கும் இரண்டு நாளில் ஒரு நாளை ரோட்டில் தொலைத்துவிட்டால், மிச்ச நாளில் பத்து இடமாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். பக்கத்தில் போனால் அந்தப் பதற்றம் வராது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே, எப்போது என்கிற விவரம்.

பிளாட்பாரம் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சாயங்காலம் மாசி வீதியில் போவது நடையில் சேராது, நீச்சல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுற்றக் கிளம்பாதீர்கள். ஒரு காலைக்கு ஒரு வீதி போதும்.

விளக்குத்தூணில் ஆரம்பிக்கலாம். பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால் பத்துத் தூண். திருமலை நாயக்கர் காலத்து அரண்மனையில் இடிந்தது போக மிஞ்சிய கல்தூண்கள். பகலில் போனால் துணிக்கடை போர்டும் தொங்கும் நைட்டியும்தான் கண்ணில் படும். கடை திறக்காத நேரத்தில்தான் அடியிலிருந்து உச்சிவரை தூண் முழுசாகத் தெரிகிறது. இத்தனை பெரிய தூண்கள் இன்று எதையும் தாங்கவில்லை, ஊரார் இழுத்துக் கட்டிய வயர்களைத் தவிர. நீங்களும் மகளும் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வாரம் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதிப் பக்கம். 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது, இடித்துக் கொடுப்பவருக்கே அந்த இடம் என்று ஏற்பாடு. அந்த வேலையில் இருந்த இரண்டு பேரின் பெயர்தான் இரண்டு வீதிகளுக்கும். அந்த பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். ஊர் ஆளை மறந்துவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டது. மேல மாசி வீதியில் காதி கிராஃப்ட் கடை இருக்கும் கட்டிடத்தையும் விட்டுவிடாதீர்கள். அதன் மாடியில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறினார்.

நடுவில் பருத்திப்பால் வண்டியைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். சுக்கும் கருப்பட்டியும் போட்ட அந்தப் பாலைச் சூடாக, ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். ‘வழியை விடுங்க’ என்பவர்கள்கூட டம்ளரோடு நிற்பவனை ஒன்றும் சொல்வதில்லை.

சரி, இயற்கைக்கு வருவோம். கீழக்குயில்குடி சமணர் மலை ஊரை ஒட்டியே இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோவில், ஆலமரங்கள், தாமரைக் குளம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். அதற்குள் இறங்கி ஆலமர நிழலுக்கு வந்துவிடுங்கள். அங்கே ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க மகள் சம்மதிக்கமாட்டாள். விழுதைப் பிடித்து ஆடட்டும், விடுங்கள்.

ஒரு முழு நாள் கிடைத்தால் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட இடம். தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு உள்ள சமணர் குகை, பாண்டியர் காலக் குடைவரைக் கோவில், கண்மாய், பாறை உச்சியில் வல்லூறு, எல்லாம் ஒரே ஊரில். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊரே திரண்டு நின்று, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததைப் படித்திருப்பீர்கள். அங்கே போனால் டீக்கடையில் அதைப் பற்றிக் கேளுங்கள். வழிகாட்டிப் பலகையில் இல்லாததெல்லாம் வரும். தண்ணீர், சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். வல்லூறுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அப்புறம், மகள் கொடைக்கானல் கேட்டு அழுதால் கூட்டிப் போகத்தான் வேண்டும். இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூண் பாறை மேல் பெரும்பாலும் மேகம்தான் நிற்கும்.

அன்புடன்.