டைட்டானிக்கைக் காப்பாற்ற எந்தச் சாவி?

காலப்பயணம் செய்து டைட்டானிக் விபத்தைத் தடுக்கும் கதை எழுதினால், நாயகன் கப்பலில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேப்டனைத் தவிர யாரை வேண்டுமானாலும் பார்க்கட்டும். நானும் இதே கதையை எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். முதல் வடிவில் என் ஆள் நேராகக் கேப்டன் ஸ்மித்திடம் போய் விஷயத்தைச் சொன்னான். அன்று மற்ற கப்பல்களிலிருந்து பனி எச்சரிக்கைகள் வந்தபடியேதான் இருந்தன. அதற்கே வேகத்தைக் குறைக்காதவர்கள், டிக்கெட் இல்லாமல் குதித்தவன் பேச்சையா கேட்பார்கள்?

அடுத்து, கப்பலின் கண்காணிப்பாளர்களுக்கான பைனாகுலர் பெட்டியின் சாவி. கடைசி நேரத்தில் வேலை மாற்றப்பட்ட டேவிட் பிளேர் என்ற அதிகாரி அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்பார்கள். கதைக்கு அழகுதான். ஆனால் நிலவும் இல்லை, காற்றும் இல்லை. பனிப்பாறையடியில் அலை மோதி நுரைத்தால்தானே தூரத்தில் கண்ணில் படும்? பைனாகுலர் இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் நான் பிடித்தது இன்னொரு சாவி. பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கு நடுவே நின்றிருந்தது. அதன் ஒரே வயர்லெஸ்காரர் சிரில் எவன்ஸ், 1912 ஏப்ரல் 14 இரவு 11 மணிவாக்கில் டைட்டானிக்கை எச்சரிக்கப் போய், 'சும்மா இரு, வேலையாக இருக்கிறேன்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். டைட்டானிக்கின் வயர்லெஸ்காரர் ஜாக் ஃபிலிப்ஸுக்குப் பயணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. முந்தைய நாள் கருவி பழுதாகிப்போன வினை. எவன்ஸ் கருவியை நிறுத்திவிட்டுப் படுத்தார். 11:40-க்கு மோதல்.

நள்ளிரவு தாண்டி, பணி முடிந்த குரோவ்ஸ் என்ற அதிகாரி எவன்ஸின் அறைக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தார். டைட்டானிக் உதவி கேட்டுக் கூவத் தொடங்கிய நேரம் ஏறக்குறைய அதுதான். ஆனால் சிக்னலை வாங்கும் அந்தக் கருவி பழைய கடிகாரம் மாதிரி; சாவி கொடுத்தால்தான் ஓடும். அது அவருக்குத் தெரியாது. ஒன்றும் கேட்கவில்லை, கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

என் ஆள் அந்தச் சாவியை நாலு சுற்றுச் சுற்றினால் போதும். யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை.

சரி, அப்போதும் கணக்கு இடிக்கிறது. பனியைக் கடந்து வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று கலிஃபோர்னியனின் கேப்டன் லார்ட் விசாரணையில் சொன்னார். டைட்டானிக் மூழ்கியது 2:20-க்கு. இருந்த சுமார் 2,200 பேருக்குப் படகுகளில் இடம் 1,178 பேருக்கு மட்டுமே. இறந்த சுமார் 1,500 பேரில் சில நூறு பேரை மீட்டால் அதிகம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எல்லோருக்கும் படகில் இடம், இரவும் பகலும் வயர்லெஸ் கவனிப்பு என்ற 1914-ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்தச் சாவுகளால் வந்தது. சாவு குறைந்தால் அது வருமா?

என் கதையில் அவன் சாவி கொடுத்துவிட்டான். அடுத்த அத்தியாயம் 1915, வேறொரு கப்பல், பாதிப் பேருக்குத்தான் படகு. அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.