உருளும் கோளத்தின் முடுக்கம்: அந்த 1.5 எங்கிருந்து வந்தது?

30 டிகிரி சாய்தளத்தில் நழுவாமல் உருளும் 2 கிலோ திண்மக் கோளம், உராய்வுக் குணகம் 0.4. உங்களுக்கு முடுக்கம் 1.5 மீ/வி² வருகிறது, புத்தகத்தின் விடைப் பகுதியில் 3.5 என்று இருக்கிறது என்கிறீர்கள். புத்தகம் சரிதான். உராய்வு என்றதும் குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால் (தளம் கோளத்தைத் தாங்கும் விசை) பெருக்கி 6.8 நியூட்டன் என்று போட்டுவிட்டீர்கள். சாய்வு வழியே இழுக்கும் 9.8 நியூட்டனிலிருந்து அதைக் கழித்து 2 கிலோவால் வகுத்ததில் வந்ததுதான் அந்த 1.5. ஆனால் 6.8 என்பது நிலை உராய்வின், அதாவது நழுவாதபோது செயல்படும் உராய்வின், உச்சவரம்பு மட்டுமே. நானும் முதலாண்டில் இதே குழியில் விழுந்தவன்தான்.

அந்த 6.8-ஐத் திருப்புவிசைச் சமன்பாட்டில் (கோளத்தைச் சுழற்றும் விசைக்கான சமன்பாடு) போட்டுப் பாருங்கள்: ஆரம் × கோண முடுக்கம் (சுழற்சி வேகம் கூடும் வீதம்) 8.5 வரும். மையம் 1.5-இல் முன்னேற, விளிம்பு 8.5-இல் சுழல்கிறது என்றால் அது நழுவாமல் உருளும் கோளமா, சேற்றில் சிக்கிய லாரிச் சக்கரமா?

உராய்வைத் தெரியாத எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். விசைச் சமன்பாடு, திருப்புவிசைச் சமன்பாடு, முடுக்கம் = ஆரம் × கோண முடுக்கம் என்ற நிபந்தனை, மூன்றையும் சேர்த்துத் தீர்த்தால் உராய்வு 2.8 நியூட்டன், முடுக்கம் 3.5. தேவைப்படும் 2.8, வரம்பான 6.8-க்குள் அடங்குகிறது, ஆகவே நழுவாது. குணகத்துக்கு இந்தக் கணக்கில் இந்தச் சரிபார்ப்பைத் தவிர வேறு வேலை இல்லை.

சாய்வை 60 டிகிரி ஆக்கினால் கோளம் நழுவிவிடும். அப்போதுதான் உங்கள் பெருக்கல் செல்லுபடியாகும், அதுவும் இயக்க உராய்வுக் குணகத்தோடு (நழுவும்போதான உராய்வுக்கு உரியது).